ஊளைப் புடவு

ஆய்வு அதிகாரியும் குவாரிக்காரர்களும் பதினோரு மணிக்கு வருகிறோம் என்றார்கள். பதினொன்றரை ஆகிவிட்டது, கீழே ஜீப் சத்தம் இல்லை. வராமலே தொலைந்தால் நல்லது என்று ஞானப்பூ நினைத்தாள். நினைத்த மறுகணமே, இல்லை, வந்து தொலையட்டும், இந்தக் காத்திருப்பு வேண்டாம் என்றும் நினைத்தாள். புடவின் உள்சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, மடியில் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கத்தில் குகை என்று யாரும் சொல்வதில்லை, புடவுதான். குன்று என்று சொல்வதில்லை, பொத்தைதான். காரிக்குடியிருப்பு ஊருக்கு மேற்கே தனியாகக் கிடக்கும் இந்தக் கல்பொத்தையின் இடுப்பில், ஆறு பேர் படுக்கிற அளவுக்கு ஒரு புடவு. வாசலில் ஆனி மாதக் காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் அதற்கு ஊளைப் புடவு என்று பெயர் வைத்ததில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் வாசலைத் தாண்டி எட்டடி உள்ளே வந்துவிட்டால் சேலை முந்திகூட ஆடாது. வெளியே ஆளைத் தள்ளும், வாயிலிருந்து பேச்சைப் பிடுங்கிக்கொண்டு போகும். உள்ளே பூசை முடிந்த கோயில் மாதிரி ஓர் அடக்கம். அந்த அடக்கத்தில் உட்கார்ந்துகொண்டு காகிதத்தில் அடித்திருந்த கடைசி வரியை எத்தனையாவது தரமோ படித்தாள். ‘மேற்படி குழிவு மனிதரால் உருவாக்கப்பட்டதன்று, பாதுகாக்கத்தக்க சிறப்பு ஏதும் இல்லை.’ கீழே அவள் பெயர், புவியியல் துறை இணைப் பேராசிரியர் என்று பதவி, மேலே கையெழுத்துக்குக் காலி இடம். எல்லாவற்றையும் அவர்களே அடித்து முன்கூட்டியே அனுப்பிவிட்டார்கள், கை மட்டும் அவளுடையது. அந்தக் கை ஒரு கிறுக்குக் கிறுக்கினால் அடுத்த மாதம் இந்தப் பொத்தையில் வெடி வைக்கலாம், ஆடி முடிவதற்குள் இந்தச் சுவர் ஜல்லியாகி லாரியில் ஏறிவிடும். சிறப்பு ஏதும் இல்லையாம். இங்கே ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தவன் எழுதுகிற வரியா இது? மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து எழுதியிருப்பான். அதுவும் காற்றுதானே, அதற்காவது நன்றி வேண்டாமா.

காற்று குடைந்த புடவு என்றால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். காத்து போயி கல்லக் குடையுமா டீச்சர்? முதல் வருஷப் பிள்ளைகளும் சிரிக்கும், கல்லூரி முதல்வரும் சிரிப்பார். குடையும். ஆனால் வெறுங்கையோடு வந்தால் காற்றால் ஒரு கல்லையும் ஒன்றும் செய்ய முடியாது, அதற்கு ஆள் சேரவேண்டும். முதல் ஆள் உப்பு. கடல் ஈரத்தோடு கண்ணுக்குத் தெரியாமல் வந்து கல்லின் மயிரிழைக் கீறலுக்குள் உட்காரும். வெயிலில் காய்ந்து பருக்கும். பருத்துப் பக்கத்தைத் தள்ளும். கோடிக்கணக்கான வருஷமாக ஒட்டிக் கிடந்த இரண்டு கல்மணிகளில் ஒன்று லேசாக ஆடும். உப்பின் வேலை அவ்வளவுதான், மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும். ஆடுகிற மணியை ஊதித் தள்ளும், தள்ளிய மணியையே எடுத்து அடுத்ததன் மேல் அடிக்கும். சின்னதாக ஒரு குழி விழுந்துவிட்டால் போதும், குழிக்குள் நிழல், நிழலில் ஈரம் தங்கும், ஈரத்தில் உப்பு தங்கும், காற்று உள்ளே நுழைந்து சுற்றிச் சுற்றிக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகும். வெளித்தோல் கெட்டியாக நிற்கும், உள்ளே மட்டும் குழி வளர்ந்துகொண்டே இருக்கும். இதைப் புத்தகத்தில் படிப்பதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே அவளுக்குத் தெரியும். தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் பக்கத்து வீடு, பாய் விரிக்கும் இடத்துச் சுவர் மாவு மாவாக உதிரும், ஏழு வயதில் படுத்துக்கொண்டே அதை நகத்தால் சுரண்டுவாள். உள்ளங்கை அளவுக்குப் பள்ளம் விழுந்ததும் அப்பா கண்டுபிடித்து முதுகில் ஒன்று வைத்தார். ஏளா, வீட்டையே தின்னுருவியா? நான் தின்னவில்லை, உப்புதான் தின்கிறது என்று சொல்ல அப்போது தெரியவில்லை. அழவும் இல்லை. மறுநாளும் சுரண்டினாள். அந்தக் குணம் இன்னும் போகவில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இந்தச் சுவரில் பன்னிரண்டு எஃகு ஆணிகளைக் கல்லோடு மட்டமாக அறைந்துவிட்டுப் போனாள். வருஷத்துக்கு இரண்டு தரம் வந்து அளப்பாள். ஆணி வெளியே வராது, கல்தான் பின்வாங்கும். இதுவரை ஒன்றரை மில்லிமீட்டர். ஞானப்பூ மேடம் ஆணி பாக்கப் போயிருக்காங்க என்று துறையில் கேலி பேசுவார்கள். பேசட்டும். ஒன்றரை மில்லிமீட்டர் போக எத்தனை ஆடிக்காற்று ஊதவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும், ஒவ்வொன்றையும் தெரியும்.

தெரிந்து என்ன? ஆனைப்பொத்தை போய்விட்டதே. நினைக்கக்கூடாது என்று நினைத்தால் அதுதான் முதலில் வரும். ஆறு வருஷத்துக்கு முன்னால், இங்கிருந்து வடக்கே எட்டு மைலில், இதேபோல் ஒரு பொத்தை, இதைவிட அழகான புடவு, கூரையெல்லாம் தேன்கூடு மாதிரி குழி குழியாக. இதேபோல் ஒரு அதிகாரி. அவளைக் கேட்டார்கள் என்பதிலேயே அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ராத்திரி பகல் பார்க்காமல் நாற்பது பக்கம் எழுதினாள், படம் வரைந்தாள், எந்த மனிதக் கையும் படாமல் காற்றும் உப்பும் மட்டும் சேர்ந்து செய்த அற்புதம் என்று மனசாரப் பெருமைப்பட்டு எழுதிக் கொடுத்தாள். நாற்பது பக்கத்தில் அவர்களுக்கு வேண்டியிருந்தது நாலே வார்த்தை: எந்த மனிதக் கையும் படாமல். அவ்வளவுதான், பழங்கால ஆள் யாரும் செய்ததில்லை, பாதுகாக்க வேண்டியதில்லை. ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள், சிரித்துக்கொண்டே போட்டாள், அதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. இப்போது அங்கே ஒரு பள்ளமும் பச்சைத் தண்ணீரும்தான். பொத்தைக்குப் பின்னால் இருந்த ஊருக்கு அதுதான் காற்றுக்கு மறைப்பு என்று யாரும் சொல்லவில்லை, அவளுக்காவது தோன்றியிருக்க வேண்டும், காற்றைப் படித்தவள்தானே, தோன்றவில்லை. போன வருஷம் அந்த ஊருக்குப் போனாள். காற்றில் பறந்து வந்த செந்நிறத் தேரிமணல் தெருவில் முழங்கால் உயரத்துக்கு ஏறிக் கிடந்தது. ஒரு வீட்டில் சாப்பிடச் சொன்னார்கள். சோறு நறநறவென்றது. இப்படித்தான் டீச்சர் தெனமும், பிள்ளையளுக்குப் பல்லு தேயுது என்று அந்த வீட்டுக்காரி சாதாரணமாகச் சொன்னாள். ஞானப்பூ துப்பவில்லை. மண்ணோடு சேர்த்துக் கடைசிப் பருக்கை வரைக்கும் விழுங்கினாள். யார் கையெழுத்து என்று அந்த வீட்டுக்காரிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சோறு போட்டிருப்பாளா? போட்டிருப்பாள், அதுதான் இன்னும் தாங்க முடியவில்லை. காரிக்குடியிருப்பும் அப்படித்தான் ஆகும். இருநூறு வீடு, ஒரு பள்ளிக்கூடம், எல்லாம் இந்தப் பொத்தையின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருக்கின்றன.

அதனால்தானே அந்த மனுஷன் அப்படியொரு காரியத்தைச் செய்து வைத்திருக்கிறார். பலவேசம். காரிக்குடியிருப்புக்காரர்தான், பக்கத்துக் குவாரியில் துளை போடுகிற ஆள், இந்தப் பொத்தையைக் கேட்டிருப்பதும் அதே குவாரிக்காரர்கள்தான். காலையில் பஸ் நிறுத்தத்துக்கு வந்து அவள் பையை வாங்கிக்கொண்டு மேலே ஏறியவர், வாசலுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினார். “டீச்சர், ஒரு சங்கதி. உள்ள சமண முனிவரு படுத்த படுக்கை இருக்கு பாத்துக்கிடுங்க. எழுத்துகூட இருக்கு.” அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். தரையில் ஒரு கல்படுக்கை, தலையணையோடு. அதன் ஓரத்தில் குவாரித் துளைக்கருவியின் அரைவட்டத் தடம் வரிசையாக, பல் விளக்காத வாய் மாதிரி. சுவரில் முழ நீளத்துக்குப் பழைய எழுத்து, உளி பட்ட இடமெல்லாம் பச்சைக்காயம் போல் வெளுத்து. “பத்தொம்பது வருசமா என் கண்ணுல படாத எழுத்தா அண்ணாச்சி?” என்று கேட்டாள். பலவேசம் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. “நீங்க ஆணியவே பாத்துக்கிட்டு இருந்தீங்கள்ளா. அதுல கவனிக்காம விட்டிருப்பீங்க.” சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை அவளுக்கு. எழுத்தை வெட்டிய இடத்தில்தான் ஏழாவது ஆணி இருந்தது, அதைக் காணோம். பத்தொன்பது வருஷம் அளந்த ஆணி. “ஏன் அண்ணாச்சி இப்பிடிச் செஞ்சீங்க?” என்றபோது அவளுக்குக் குரல் உடைந்தது. அதைக் கேட்டதும் அவர் நடிப்பை விட்டார். “எங்களுக்கு வேற என்ன தெரியும் டீச்சர்? ஆளு செஞ்சதாயிருந்தாத்தான் விட்டுவைப்பாங்கன்னு சொல்லுதாங்க. அதான் ஆளு செஞ்சோம். நாலு நாளு, மூணு பேரு.” சொல்லிவிட்டு, வருகிறவர்களுக்கு வழி காட்டவேண்டும் என்று கீழே உடைமரத்தடிக்கு இறங்கிப் போய்விட்டார். அதன் பிறகு அந்தச் சுவர்ப்பக்கம் அவள் திரும்பவில்லை. கிட்டப் போய்ப் படிக்கவும் மனசில்லை.

ஆளு செஞ்சோம். அந்த வார்த்தை போகவே மாட்டேன் என்கிறது. மனுஷன் உளியை எடுத்து நாலு நாள் கொத்தினால் அது பொக்கிஷம், வேலி போட்டுப் பலகை வைக்கலாம். காற்று லட்சம் வருஷம் இங்கேயே கிடந்து கொத்தினால் அது ஜல்லி. என்ன நியாயம் இது? யார் வகுத்தது? சரி, அந்த எழுத்தைப் பற்றி நான் வாயே திறக்காமல் இருந்தால்? அதிகாரி பயந்துபோய் மேலே எழுதுவார், தொல்லியல்காரர்கள் வருவார்கள், வந்த அஞ்சாவது நிமிஷம் சிரிப்பார்கள், பலவேசம் உள்ளே போவார், பொத்தை வெடிக்குப் போகும். நானே சொல்லிவிட்டால்? அதற்கு அஞ்சு நிமிஷம்கூட வேண்டாம். அவர்கள் வருவதற்குள் ஒரு கல்லை எடுத்து எழுத்தைத் தேய்த்துவிட்டால்? தேய்த்த இடம் இன்னும் பளிச்சென்று தெரியும், தேய்த்தது யார் என்பார்கள். கையெழுத்துப் போடமாட்டேன் என்றால்? நேற்று முதல்வர் தொலைபேசியில் எவ்வளவு இனிமையாகப் பேசினார், பெரிய எடத்து விவகாரம் மேடம், போனமா போட்டமான்னு வந்துருங்க, நாலு வருசத்துல ஓய்வு, எதுக்கு வம்பு. போடமாட்டேன். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். “போடமாட்டேன்.” புடவு அதை வாங்கிக் கொஞ்சம் கனமாக்கித் திருப்பிக் கொடுத்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் போடாவிட்டால் இன்னொருவன் போடுவான், எங்கள் துறையிலேயே இரண்டு பேர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். போடமாட்டேன் என்பது ஒரு காரியமா? வீட்டில் குப்புறப் படுத்துக்கொண்டால்கூடத்தான் போடாமல் இருக்கலாம். அவளுக்கு ஏதாவது செய்யவேண்டும், கையால் செய்யவேண்டும், ஒரு தரமாவது அவர்களை மறித்து நிற்கவேண்டும். என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. உள்ளங்கை வேர்த்து, காகிதத்தின் ஓரம் நனைந்து சுருண்டிருந்தது. பயம்தான், வேறென்ன. பயப்படுவதற்கும் பணிவதற்கும் என்ன சம்பந்தம்? பயந்துகொண்டே எத்தனையோ செய்யலாம். அடி விழும் என்று தெரிந்துதானே மறுநாளும் சுரண்டினாய்? நன்றாகச் சுரண்டினாய் போ, இப்போது சொல், என்ன செய்யப்போகிறாய்? கல் முதுகில் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் கண்ணை மூடினாள், மூடினால் ஊளை இரண்டு மடங்காயிற்று, ஊளைக்குள் ஓர் இன்ஜின் சத்தம் கலந்து வந்தது, இல்லை, பிரமை, இல்லை, ஜீப்தான்.

மூன்று பேரும் தலையைக் குனிந்து, வேட்டியையும் காகிதக் கட்டையும் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார்கள். முன்னால் பலவேசம். பின்னால் ஆய்வு அதிகாரி, கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். கடைசியில் குவாரி மேனேஜர், வியர்த்து விறுவிறுத்து. வாசலில் அதிகாரி ஏதோ சொன்னார், காற்று கொண்டுபோய்விட்டது. காகிதத்தை விரிக்கவும் முடியவில்லை. வேறு வழியில்லாமல் மூவரும் உள்ளே வந்தார்கள். வந்ததும் மூவருமே மூச்சு விட்டார்கள். இந்தக் கல்லை உடைக்க வந்தவர்களுக்கும் காற்றுக்கு ஒதுங்க இந்தக் கல்தான் வேண்டியிருக்கிறது என்று ஞானப்பூ நினைத்தாள். எழுந்து நின்றாள்.

“மேடம், வெயிட் பண்ண வச்சுட்டோம், மன்னிக்கணும்” என்று அதிகாரி ஆரம்பித்தார். அதற்குள் மேனேஜர் சுவரைப் பார்த்துவிட்டார்.

“சார், இதென்ன எழுத்து? இப்பிடி ஒண்ணு இருக்குன்னு யாரும் சொல்லலியே!”

அதிகாரி செல்போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு சுவரோரம் குனிந்தார். பலவேசம் ஞானப்பூவைப் பார்த்தார். அவள் பார்வையை விலக்கவில்லை, தலையையும் ஆட்டவில்லை. அதிகாரி எழுத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே கடைசிவரை போனார், போய் நின்றார், திரும்ப ஒரு தரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“நாலு புள்ளி ரெண்டுன்னு போட்டிருக்கு.”

“எது சார்?”

“கடைசியில. நம்ம இங்கிலீஷ் எண்ணுல. நாலு புள்ளி ரெண்டு. எம் பொண்ணு ஆறாம் வகுப்பு. போன வாரந்தான் பரீட்சைக்குச் சொல்லிக்குடுத்தேன். அவ புஸ்தகத்துல இருக்கிற கல்வெட்டுப் படம் இது. படத்து நம்பரையும் சேத்து வெட்டியிருக்காங்க.”

ஞானப்பூவுக்குப் பார்க்காமலே எல்லாம் விளங்கிவிட்டது. பலவேசமும் கூட்டாளிகளும் அடிக்கல் நாட்டு விழாக் கல்வெட்டெல்லாம் வெட்டிப் பழகியவர்கள். தாளைக் கல்லில் ஒட்டித் தருவதுதான் வழக்கம். ஒட்டின தாளில் இருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் வெட்டவேண்டும், படித்துப் பார்ப்பது வெட்டுகிறவன் வேலை இல்லை. புத்தகப் பக்கத்தைப் பெரிதாக நகல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியதை அப்படியே வெட்டிவிட்டார்கள். பத்தொன்பது வருஷம் இந்தச் சுவரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தவளுக்குப் படவில்லை, மின்விசிறிக்கு அடியில் உட்காருகிறவர் என்று அவள் ஏளனம் செய்த ஆளுக்குப் பட்டுவிட்டது.

மேனேஜருக்கு உயிர் வந்தது. “அப்ப போலிதானே சார். விட்டுத்தள்ளுங்க. மேடம், நீங்க கையெழுத்தப் போடுங்க, எறங்கிருவோம்.”

“எப்பிடி விடுறது? அரசு நிலத்துல போலிக் கல்வெட்டு. பாத்தாச்சு. யாரு செஞ்சதுன்னு எழுதி அனுப்பணும்.” அதிகாரியின் கண் பலவேசத்தின் கைக்குப் போயிற்று. விரலிடுக்கில் இன்னும் கல்தூசு வெள்ளையாக இருந்தது.

“ஐயோ, கேஸ் கீஸுன்னு போயிராதீங்க சார்” என்று மேனேஜர் பதறினார். “கேஸாச்சுன்னா இந்தப் பொத்தையே சாட்சிப் பொருளாயிரும். தீர்ப்பு வாற வரைக்கும் ஒரு கல்ல அசைக்க முடியாது. கீழ்க்கரை ரோட்டுல ஒரு எடம் பதினாலு வருசமா இப்பிடித்தான் மாட்டிக்கிட்டு நிக்கி. கண்டுக்காதீங்க.”

ஒரு கல்லை அசைக்க முடியாது. ஞானப்பூ அதை மனசுக்குள் மறுபடி சொல்லிப் பார்த்தாள். ஒரு கல்லை. பதினாலு வருஷம். பலவேசம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார். “ஐயா, இது நான்...”

“நான்தான் வெட்டினேன்” என்றாள் ஞானப்பூ.

மூவரும் திரும்பினார்கள்.

“டீச்சர், என்ன சொல்லுதீங்க?”

“அண்ணாச்சி, நீங்க சும்மா இருங்க. வழி காட்ட வந்தவருக்கு இதுல என்ன பேச்சு?” என்று அவரை அதட்டிவிட்டு அதிகாரியைப் பார்த்தாள். “நான்தான் சார் வெட்டினேன். என் பையில சுத்தியல் உளியெல்லாம் இருக்கு, எடுத்துப் பாத்துக்கிடுங்க. பத்தொம்பது வருசமா இங்க வந்து போறது நான் ஒருத்திதான், ஊரையே கேளுங்க, சொல்லுவாங்க.”

“ஒரு புரொபசர். படத்து நம்பரையும் சேத்து வெட்டினீங்களா?”

“வயசாகுதுல்லா. கண்ணு மங்கிப் போச்சு.”

அதிகாரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நம்பவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் பொய் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. இரண்டும் இரண்டு பேருக்கும் தெரிந்தது. மேனேஜர், சார், அந்தம்மா என்னமோ உளறுது, எழுதாதீங்க, நான் எங்க ஐயாகிட்ட பேசுதேன் என்று போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அங்கே அவர் கத்தியது ஒரு வார்த்தையும் உள்ளே வரவில்லை.

“வேலை போயிரும் மேடம்” என்றார் அதிகாரி தணிந்த குரலில்.

“தெரியும்.”

“இது எழுதிட்டா அழிக்க முடியாது.”

“நான் அழிக்கவா சொல்லுதேன்? நல்லா அழுத்தி எழுதுங்க.”

அவர் அடித்து அனுப்பியிருந்த காகிதத்தை அவள் கையிலிருந்து வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கட்டிலிருந்து வெள்ளைத்தாள் ஒன்றை உருவி, தொடையில் வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்தார். பெயர் என்று கேட்டார், தெரியாதவர் மாதிரி. ஞானப்பூ சொன்னாள். சொல்லும்போதுதான் பயம் முழுசாக வந்து சேர்ந்தது, நாளைக் காலை பேப்பரில் படம் வரும், துறையில் சிரிப்பார்கள், நாற்பது பக்கம் எழுதியவள் கடைசியில் கள்ளக் கல்வெட்டு வெட்டினாள் என்பார்கள், என்னவும் சொல்லட்டும். பலவேசம் சுவரோரம் குந்தி உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவள் ஒவ்வொரு கேள்விக்கும் நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னாள், எழுத்தில் பிழை விழாதபடி. வழக்கு எத்தனை வருஷம் போகும், பத்தா இருபதா, அது யாருக்குத் தெரியும். அதுவரைக்கும் இந்தப் பொத்தையைக் காற்றையும் உப்பையும் தவிர யாரும் தொட முடியாது.